பிறக்கும் நாழிகையைக் குறிப்பது யார்?



நம் வீட்டில் ஒரு பெண் நிறைமாதமாகிவிட்டால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு பையைத் தயாராக வைக்கிறோம். ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், பிள்ளையைச் சுற்றிவைக்கப் பழைய வேட்டித் துணி, பிளாஸ்க், ஜெபமாலை எல்லாம் அதில் இருக்கும். சில காலமாக வேறொரு சீட்டும் அந்தப் பையில் சேர்ந்துகொள்ளுகிறது. ஒரு தேதி, காலை இத்தனை மணிக்குமேல் இத்தனை மணிக்குள் என்று ஒரு நேரம். அதை எழுதிக் கொடுத்தவர் டாக்டர் அல்லர், பஞ்சாங்கம் பார்ப்பவர். அந்த நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடும்படி, டாக்டர் அம்மாளிடம் சீட்டை நீட்டுகிறார்கள்.

இது பிற மதத்தார் வீட்டுச் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். திருஇருதய ஆண்டவர் படத்தை ஸ்தாபகம் செய்து, மாலைதோறும் குடும்ப ஜெபம் சொல்லுகிற வீடுகளிலும் இச்சீட்டு நுழைந்திருக்கிறது. "நாங்கள் ஜாதகம் எழுதப் போவதில்லை, ஆனாலும் ஒரு நல்ல வேளையில் பிறந்தால் நல்லதுதானே?" என்கிறார்கள் சிலர். "டாக்டரே ஒரு தேதி சொல்லத்தான் போகிறார்; அது நாம் கேட்கும் தேதியாக இருந்தால் என்ன குறைந்துபோயிற்று?" என்பது இன்னும் சாமர்த்தியமான கேள்வி. அதைத்தான் இவ்வாரம் கொஞ்சம் நிதானமாக ஆராயப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஆபரேஷனால் பிள்ளை பெறுவது பாவம் என்றோ, குறைவு என்றோ நாம் சொல்ல வரவில்லை. தாயின் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுப்பது, பழங்காலத்தில் தாய் மரித்தபின் செய்யப்பட்ட காரியம். கர்ப்பவதி இறந்துபோனால் பிள்ளையைக் கூடிய சீக்கிரம் ஜாக்கிரதையாக வெளியே எடுத்து, உயிர் இருந்தால் ஞானஸ்நானம் கொடுக்கவேண்டுமென்று 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் கட்டளையிட்டது. 1917-ஆம் வருடத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் அக்கட்டளை இடம்பெற்றது. 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்தில் வாழ்ந்த அர்ச். ரெய்மோந்து அப்படி எடுக்கப்பட்டவர் என்பது பாரம்பரியம். அவருக்கு வழங்கும் நொன்னாத்துஸ் என்ற பட்டப்பெயருக்குப் 'பிறவாதவர்' என்று பொருள். பேறுகாலப் பெண்களும் மருத்துவச்சிகளும் அவரைப் பாதுகாவலராக வைத்துக்கொண்டது அதனாலேதான்.

உயிரோடிருக்கும் தாயைக் கீறினால் அவள் பிழைப்பது வெகுகாலம் அபூர்வமாயிருந்தது. 1847-இல் பிரசவத்துக்கு மயக்க மருந்து வந்தது. 1882-இல் மாக்ஸ் சேங்கர் என்ற ஜெர்மானிய டாக்டர், கீறிய கருப்பையைச் சரியாகத் தைத்து மூடும் முறையை வெளியிட்டார். பின்பு கிருமி அண்டாத சுத்தம், இரத்தம் ஏற்றுதல், பெனிசிலின் என்று ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. மரித்த தாயிடமிருந்து பிள்ளையை மட்டும் மீட்ட கத்தி, இப்போது இருவரையும் மீட்கிறது. நஞ்சு கருப்பை வாயை மறைத்துக்கொண்டிருக்கும்போதும், பிள்ளை குறுக்கே கிடக்கும்போதும், தாய்க்கு இரத்தக் கொதிப்பு ஏறி ஜன்னி வந்துவிடுமோ என்று அஞ்சும்போதும் அந்தக் கத்தி சர்வேசுரனுடைய கொடையன்றி வேறென்ன?

இத்தாலி தேசத்துக் குழந்தை டாக்டரான அர்ச். ஜியான்னா பெரெத்தா மொல்லா அம்மாளை அறிந்திருப்பீர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அவர் கருப்பையில் கட்டி ஒன்று இருப்பது தெரிந்தது. பிள்ளைக்குச் சேதமில்லாமல் கட்டியை மட்டும் எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். 1962 ஏப்ரல் 21, பெரிய சனிக்கிழமையன்று, ஆபரேஷன் மூலமாக ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். வயிற்றுக்குள் சீழ்பிடித்து, ஒரு வாரத்தில், ஏப்ரல் 28-இல் உயிர் நீத்தார். 2004 மே 16-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் சூட்டியபோது, அந்தக் குழந்தை வளர்ந்த மங்கையாய்த் தன் தகப்பனாரோடு உரோமையில் இருந்தாள். ஆகவே, 'கஷ்டப்படாமல் பெற்றவள்' என்று ஆபரேஷனான மருமகளை இளக்காரமாய்ப் பேசும் மாமியார்மார், ஒரு அர்ச்சியசிஷ்டவளும் அப்படிப் பெற்றவளே என்பதை நினைவில் வைப்பார்களாக. ஏழு மடிப்பு வெட்டித் தைத்த வயிற்றோடு மூன்றாம் நாள் எழுந்து நடக்கிறவளைப் பார்த்துக் கஷ்டப்படாதவள் என்பது எந்த ஊர் நியாயமோ!

நோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்டதால், முதுகில் ஊசி போட்டு நோவைக் குறைத்துக்கொள்வது தேவசித்தத்துக்கு விரோதமோ என்று மனம் கலங்குகிற பெண்கள் உண்டு. இது பழைய கலக்கம். எடின்பரோ நகரத்தில் ஜேம்ஸ் சிம்சன் என்ற டாக்டர் 1847-இல் பிரசவ நோவுக்குக் குளோரோபாரம் கொடுத்தபோதே இதே ஆட்சேபணை எழுந்தது. ஆதாமுடைய விலாவெலும்பை எடுக்குமுன் ஆண்டவர் அவனை அயர்ந்து தூங்கச் செய்தாரே என்று அதே வேதாகமத்திலிருந்து அவர் பதில் சொன்னார். நம் திருச்சபையில் இதைத் தீர்த்து வைத்தவர் பாப்பரசர் 12-ம் பத்திநாதர். 1956 ஜனவரி 8-ஆம் நாள் டாக்டர்களுக்கு அவர் ஆற்றிய உரையில், ஏவாளைத் தண்டித்த ஆண்டவர், பிரசவத்தை இலகுவாக்கும் உபாயங்களைத் தாய்மார் கையாளுவதைத் தடைசெய்யவில்லை என்று போதித்தார். அப்போது பேசப்பட்ட முறைகளில் ஒன்று ரஷ்யாவிலிருந்து வந்தது. கடவுள் இல்லை என்பவர்களிடமிருந்து வந்ததே என்று சிலர் முகம் சுளித்தார்கள். கண்டுபிடித்தவனுடைய கொள்கை வேறு, கண்டுபிடிப்பின் உண்மை வேறு என்று பாப்பரசர் அதையும் விளக்கினார். நெற்றி வேர்வை நிலத்தில் விழ உழைப்பாய் என்று ஆதாமுக்கும் ஒரு தீர்ப்பு உண்டே? கிணற்றுக்கு மோட்டார் வைத்து, டிராக்டரால் உழுகிற ஆண்பிள்ளைகள், பெண்ணின் நோவுக்கு மட்டும் ஆதியாகமத்தைப் புரட்டுவது சரியாகுமா?

ஆனபடியால், சுகப்பிரசவம், ஆபரேஷன், ஊசி, ஆயுதம் போட்டு எடுப்பது என்ற முறைகளில் ஒன்றைப் புண்ணியமென்றும் மற்றொன்றைப் பாவமென்றும் திருச்சபை பிரிக்கவில்லை. யாருக்காக அந்த முறை தெரிந்துகொள்ளப்படுகிறது என்பதே கேள்வி. தாய்க்காகவும் பிள்ளைக்காகவும் என்றால் அது நல்லது. அவர்கள் இருவரையும் தள்ளிவைத்து மூன்றாவதொன்றுக்காக என்றால், அங்கேதான் மனச்சாட்சி விழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த 'மூன்றாவது' நம் நாட்டில் எத்தனை தாய்மாரைப் பலிகொண்டிருக்கிறது! 1890-களில் திண்டிவனத்தில் ஓர் இரவு. தகப்பனாரான மிஷனெரி டாக்டரைப் பார்க்க வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணைத் தேடி, ஒருவர்பின் ஒருவராக மூன்று கணவன்மார் வந்தார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் வருவார்" என்றாள் அவள். அந்நிய ஆடவன் முகம் பார்ப்பது வழக்கமில்லை என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள். அவள் அமெரிக்கா சென்று டாக்டராகித் திரும்பி, வேலூரில் தொடங்கிய சிகிச்சைதான் பின்னாளில் பெரிய ஆஸ்பத்திரியாயிற்று. நம்மைவிட்டுப் பிரிந்த சகோதரர் சபையைச் சேர்ந்தவரானாலும், நன்றியோடு நினைக்கவேண்டிய அம்மாள். நம்மவர்களுக்குள்ளும் ஒரு தடை வெகுகாலம் இருந்தது. கன்னியர் பிரசவம் பார்ப்பதைத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கவில்லை. ராவல்பிண்டியில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி நிறுவிய ஆக்னஸ் மக்லாரன் அம்மாள், தம் முதிர்ந்த வயதில் இதற்காக உரோமைக்குப் பலமுறை மன்றாடினார். அங்கே வேலை செய்த ஆஸ்திரியா தேசத்து டாக்டர் அன்னா தெங்கல் 1925-இல் மருத்துவ மிஷன் கன்னியர் சபையைத் தொடங்கினார். கடைசியில் 1936-இல் உரோமை அத்தடையை நீக்கியது. தாயின் உயிர் ஒரு பக்கமும் வழக்கம் ஒரு பக்கமும் நிற்குமானால், விட்டுக்கொடுக்க வேண்டியது வழக்கமே என்று திருச்சபை தன் சொந்தச் சட்டத்தைத் திருத்திக் காட்டியது.

அந்த நாட்கள் போய்விட்டன. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடந்தன. இதற்காகச் சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துவோம். ஆனால் அதே கணக்கு வேறொன்றையும் சொல்லுகிறது. 2005-06-இல் நம் ராஜ்யத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை ஆபரேஷனால் பிறந்தது. 2015-16-இல் 100-க்கு 34. 2019-21-இல் 100-க்கு ஏறக்குறைய 45. தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 64. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36. அப்போது இந்தியா முழுவதற்கும் 21-தான். நம் பெண்களுடைய இடுப்பெலும்பு பதினைந்து வருஷத்தில் குறுகிப் போகவில்லை அல்லவா?

உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை இதைப்பற்றித் தெளிவாயிருக்கிறது. ஒரு ஜனத்தொகையில் ஆபரேஷன் பிரசவங்கள் 100-க்கு 10 வரையில் உயரும்போது தாய்மார், சிசுக்களின் சாவு குறைகிறது. அதற்குமேல் உயருவதால் சாவு மேலும் குறைவதாகத் தெரியவில்லை. இதைக்கொண்டு எந்தத் தாய்க்கும் தேவையான ஆபரேஷனை மறுக்கக்கூடாது என்றும் அந்த ஸ்தாபனம் சேர்த்தே சொல்லுகிறது. இன்று நடப்பவற்றில் பல மெய்யாகவே தேவையானவை. தாய்மார் முன்னைவிட வயதான பின் கர்ப்பமாகிறார்கள். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பெருகியிருக்கின்றன. ஆனாலும் அத்தனையும் தேவையானவை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

தேவையில்லாமல் செய்தால் என்ன தீங்கு? இரத்தப்போக்கும், புண் சீழ்பிடிப்பதும், காலில் இரத்தம் உறைவதும் ஆபரேஷனில் அதிகம். இவை அப்போதே தெரிந்துவிடும். பிந்தித் தெரிவது அடுத்த கர்ப்பத்தில். முந்தின தழும்பின்மேல் நஞ்சு வேர்விட்டு ஒட்டிக்கொண்டால், பிரசவத்தில் இரத்தம் ஆறாய்ப் பெருகும். சிலவேளை கருப்பையையே எடுக்க நேரிடும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் இந்த அபாயம் கூடிக்கொண்டே போகிறது. பிள்ளைக்கோவென்றால், 39 வாரம் நிறையுமுன் நோவு காணாமலே எடுக்கப்படும் சிசுவுக்கு மூச்சுத் திணறல் அதிகம். நோவு எடுக்கும்போதுதான் சிசுவின் நுரையீரலிலுள்ள நீர் வற்றி, காற்றை ஏற்க அது ஆயத்தமாகிறது. தாய்க்கு வெறும் வேதனையாய்த் தோன்றுவது, பிள்ளைக்கு முதல் மூச்சின் பயிற்சியாயிருக்கிறது. சீம்பால் கொடுப்பதும் ஆபரேஷனானவர்களுக்குப் பிந்துகிறது.

விவாகமானவர்கள் யோசிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. முதல் பிரசவம் காரணமில்லாமல் ஆபரேஷனானால், இரண்டாவதும் அநேகமாய் அப்படியே ஆகிறது. இரண்டாவது ஆபரேஷன் மேஜையிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கும் கையெழுத்துக் கேட்கிறார்கள். திருச்சபை அனுமதியாத அக்காரியத்துக்கு, மயக்கத்திலும் பயத்திலும் இருக்கிற பெண் 'சரி' என்கிறாள். இந்தச் சங்கடத்தின் வேர், அவசியமில்லாத முதல் கீறலில் இருக்கிறது. ஒருமுறை ஆபரேஷன் ஆனவர்களும், தகுந்த வசதியுள்ள ஆஸ்பத்திரியில், டாக்டர் சம்மதித்து முயன்றால், 100-க்கு 60 முதல் 80 பேர்வரை சுகப்பிரசவமாகிறார்கள். இது நம்மில் அநேகருக்குத் தெரியாது, கேட்பதுமில்லை.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருவோம். பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்காக 37-ஆம் வாரத்திலேயே எடுக்கப்படும் பிள்ளை எந்த வேளையில் பிறந்ததானால் என்ன, இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் மூச்சு வாங்கிக் கிடந்தால், அது நல்ல வேளையா? ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதும், சித்திரையில் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஆகாதென்பதும், மூல நட்சத்திரத்துப் பெண்ணைக் கண்டு நடுங்குவதும் நம் முன்னோரோடு வந்த பயங்கள். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டும் சில வீடுகளில் அந்தப் பயம் நனையவில்லை. வித்தியாசம் இதுதான்: அன்று பயந்தார்கள், பிள்ளை பிறந்தபின் பரிகாரம் தேடினார்கள். இன்றோ பயத்தின் கையில் ஒரு கத்தியைக் கொடுத்திருக்கிறோம்.

சோதிடத்தில் மூழ்கியிருந்து மீண்டவரான அர்ச். அகுஸ்தீன், தம் மனந்திரும்புதலை அறிக்கையிடும் நூலில் ஒரு சங்கதி எழுதியிருக்கிறார். பிர்மீனுஸ் என்ற சிநேகிதனுடைய தகப்பனும், அவருடைய நண்பர் ஒருவரும் நட்சத்திரப் பைத்தியம் பிடித்தவர்கள். வீட்டு மிருகங்கள் குட்டி போடும் நேரத்தைக்கூடக் குறித்து வைப்பார்களாம். பிர்மீனுஸ் தாயின் வயிற்றிலிருந்தபோது, நண்பர் வீட்டு அடிமைப் பெண் ஒருத்தியும் கர்ப்பமாயிருந்தாள். இருவரும் ஒரே கணத்தில் பெற்றார்கள். சேதி சொல்ல இரண்டு வீட்டிலிருந்தும் புறப்பட்ட ஆட்கள் சரியாக நடுவழியில் சந்தித்தார்களாம்! நேரம் ஒன்று, நட்சத்திரமும் ஒன்று. பிர்மீனுஸ் செல்வத்திலும் கௌரவத்திலும் வளர்ந்தான். அடிமையின் மகன் அடிமையாகவே உழைத்தான். இதைக் கேட்டபோதே சோதிடத்தில் தமக்கிருந்த கடைசி ஐயம் அற்றுப்போயிற்று என்கிறார் அவர். சோதிடமும் ஜாதகமும் ஆண்டவருக்கு மட்டுமே உரிய வணக்கத்துக்கு மாறானவை என்று 1992-இல் வெளியான கத்தோலிக்க ஞானோபதேச நூலும், 2116-ஆம் பத்தியில் திட்டமாய்ப் போதிக்கிறது.

அப்படியானால் தேதி குறிப்பதே குற்றமா என்பீர்கள். இல்லை. ஆபரேஷன் தேவையென்று டாக்டர் தீர்மானித்து, இன்ன நாள் முதல் இன்ன நாள்வரை செய்யலாம் என்று சொன்னால், அதில் ஒரு நாளைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். கணவனுக்கு லீவு கிடைக்கும் நாளோ, அம்மா ஊரிலிருந்து வந்துசேரும் நாளோ, எதுவும் குற்றமில்லை. அந்த நாட்களுக்குள் தேவமாதாவின் திருநாள் ஒன்று வந்தால், அதைக் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் தானாகப் பிறக்கக்கூடிய பிள்ளையை, ஆகஸ்டு 15-ஆம் தேதியே வேண்டுமென்று முந்தி எடுக்கச் சொல்லுகிற பக்தியும் நாம் கேள்விப்பட்டதே. அதுவும் இதே வியாதிதான். உடுப்பு மட்டும் வேறு.

டாக்டர்கள்மேல் மட்டும் பழிபோடுவது அநியாயம். பதினான்கு மணி நேரம் நோவோடு காத்திருந்து, கடைசியில் ஏதாவது நேர்ந்தால், அவர்கள் சட்டையைப் பிடிக்கிறவர்கள் நம்மில்தான் இருக்கிறார்கள். முக்கால் மணியில் முடியும் ஆபரேஷனுக்குக் கட்டணமும் அதிகம், கலகமும் குறைவு. இந்தச் சோதனைக்கு இடங்கொடுக்கும் ஆஸ்பத்திரிகள் ஆண்டவர் முன்னிலையில் கணக்குக் கொடுக்கட்டும். ஆனால் பெண்கள் தாங்களே ஆபரேஷனைக் கேட்பதும் உண்டு, ஏன்? பயம். தலைப்பிரசவத்துப் பெண்ணைக் கதவுக்குள் தனியாக அனுப்பிவிட்டு, நாம் வராந்தாவில் உட்கார்ந்துகொள்ளுகிறோம். உள்ளே அவள் கத்தினால் அதட்டுகிற குரலைத்தான் கேட்கிறாள். நோவு முழுவதும் நம்பிக்கையான ஒரு துணை கூடவே இருந்தால், நோவு நேரம் சுருங்குகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது என்று பல தேசங்களில் செய்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனமும் அதையே சிபாரிசு செய்கிறது. எலிசபெத்தம்மாள் முதிர்வயதில் கர்ப்பமானபோது, கன்னிமரியம்மாள் மலைநாட்டுக்கு விரைந்துபோய், ஏறக்குறைய மூன்று மாதம் கூடத் தங்கியிருந்தாள் அல்லவா? அவள் கொண்டுபோனது ஒரு நல்ல நேரத்தையல்ல, தன்னையே.

ஆகையால், உங்கள் வீட்டில் பிரசவம் நெருங்கினால், டாக்டரிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. ஆபரேஷன் என்றால், தாய்க்காகவா, பிள்ளைக்காகவா, காரணம் என்ன? இன்னும் காத்திருந்தால் என்ன அபாயம்? 39 வாரம் நிறைந்துவிட்டதா? நோவின்போது அம்மாவோ அத்தையோ கூட இருக்க இடங்கொடுப்பார்களா? நோவு தாங்காவிட்டால் ஊசி வசதி உண்டா? இவற்றை ஆறாம் ஏழாம் மாதத்திலேயே, மரியாதையாகக் கேட்டுவைக்கலாம். நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார். அவசரமென்று அவர் சொன்னாலோ, ஒரு நிமிஷமும் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். ராகு காலமானாலும் சரி.

பிரசவத்துக்குமுன் தாய்க்குக் கொடுக்கும் ஆசீர்வாதம் ஒன்று திருச்சபையில் உண்டு என்பது பலருக்கு மறந்தே போயிற்று. வளைகாப்புக்கு ஊரைக் கூட்டுகிற நாம் இதற்குக் கோவில்வரை வருவதில்லை. எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப்பின் பங்கு சுவாமியாரிடம் கேட்டால் போதும். ஐந்து நிமிஷமும் ஆகாது. கணவனும் கூட வரவேண்டும். மாமியாரும் வந்தால் இன்னும் விசேஷம்.